ரக்பி வீரர் ஜோனா லோமு

சோளிங்கர் பெரிய மலையில் யோக நரசிம்மரைக் காணப் படிவழியே செல்வோர் 1305 படிகளை ஏற வேண்டும். 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கம்பிவட ஊர்தி ஓடத் தொடங்கிவிட்டது. எனினும், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் படியேறிச் செல்வோர் பலர் உண்டு. அப்படிகளின் ஓரத்தில் அமர்ந்து, ஏறுவோரைச் சற்று நேரம் பார்த்திருப்பது என் பழக்கம். ஒடிசலான மூதாட்டி ஒருத்தி, பேரனை இடுப்பில் சுமந்தபடி, மூச்சு வாங்காமல் ஏறிப் போவாள். மல்லனைப் போன்ற வாலிபன் ஒருவன் நூறாவது படியிலேயே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவான். கூட வந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், "சோம்பேறி" என்பார்கள். சோம்பல்தானா, வேறு ஏதேனுமா என்பதை எவரும் கேட்பதில்லை.

இப்படித்தான் ஒரு பயிற்சி முகாமில் ஒருவரைப் பார்த்து அவருடைய தோழர்களும் பயிற்சியாளர்களும் ஐயுற்றனர். அவர் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். எடை ஏறக்குறைய 118 கிலோ. நூறு மீட்டர் தூரத்தைப் பதினொரு விநாடிக்குள் ஓடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அத்தகையவர் நீண்ட ஓட்டங்களில் எல்லோருக்கும் பின்னால் தள்ளாடி வந்தார். அவர் பெயர் ஜோனா லோமு. நியூசிலாந்து நாட்டின் ரக்பி வீரர். அந்த ஆண்டு 1995. ஆண்டு முடிவதற்குள் உலகத்தில் ரக்பி அறிந்த ஒவ்வொருவரும் அவர் பெயரை அறிந்தனர். அதே ஆண்டின் இறுதியில்தான் அவருடைய சிறுநீரகங்கள் பழுதுற்றிருக்கின்றன என்பதையும் மருத்துவர்கள் கண்டறிந்தனர். லோமுவின் ஆட்ட வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் சிறுநீரகத்தின் வரலாற்றையும் சொல்லியே தீரவேண்டும். இரண்டையும் பிரிக்க முடியாது.

ரக்பி நம் ஊர்ப் பக்கங்களில் அதிகம் ஆடப்படாத ஆட்டம். ஆகவே அதைப் பற்றி முதலில் சில சொற்கள். சடுகுடுவையும் கால்பந்தையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம், தோழனிடம் எறியலாம். ஆனால் கையால் எறிவதாயின் பக்கவாட்டிலோ பின்புறமாகவோதான் எறிய வேண்டும்; முன்னோக்கி எறிதல் கூடாது. முன்னேற வேண்டுமானால் ஓடியே முன்னேற வேண்டும், அல்லது உதைத்து முன்னேற வேண்டும். பந்தோடு வருகிறவனை எதிரணியினர் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். சடுகுடுவில் பாடி வந்தவனைக் காலைப் பிடித்து மடக்குகிறோம் அல்லவா, அதே கலைதான். இத்தனை பேரையும் தாண்டி எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சென்று பந்தைத் தரையில் ஊன்றிவிட்டால் அதற்கு 'டிரை' என்று பெயர். ஒரு டிரைக்கு ஐந்து புள்ளிகள். அதற்குப் பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் இரண்டு. எண்பது நிமிடம் ஆட்டம்.

அந்தப் பந்தைப் பற்றி ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மாணவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. தொடக்க காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி, அதன்மேல் தோல் போர்த்தித் தைத்துப் பந்தாக்கினர். பையின் வடிவமே பந்துக்கு வாய்த்தது. பின்னர் ரப்பர்ப் பை வந்தது. ஆயினும் மேலுறை நெடுங்காலம் பதனிட்ட தோலாகவே இருந்தது. மழையில் நனைந்தால் தோல் நீரை உறிஞ்சும், பந்து கனக்கும், வழுக்கும். தோல் பதனிடும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது செயற்கைப் பொருளாலான பந்துகளே புழங்குகின்றன.

இந்த ஆட்டம் நம் நாட்டோடு முற்றிலும் தொடர்பற்றதும் அன்று. 1872 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் வெள்ளையர்கள் ரக்பி ஆடினர். அடுத்த ஆண்டு ஒரு சங்கமும் கண்டனர். வெயிலும் ஆள் குறைவும் சேர்ந்து சில ஆண்டுகளில் சங்கம் கலைந்தது. வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, கைப்பிடிகள் மூன்றும் நாகங்களாகவும் மூடியில் யானை நிற்பதாகவும் ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்காகவே போராடி வருகின்றன. இலங்கையில் ஆட்டம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. கொழும்பு இராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டிக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக ஆடிவருகின்றன. அந்த ஆட்டங்களைக் காண ஊரே திரளும். ஆயினும், மக்கள் தொகையில் சிறியதான ஒரு நாடு ரக்பியைத் தன் உயிராகவே கொண்டிருக்கிறது என்றால் அது நியூசிலாந்துதான். அந்நாட்டு அணியினர் தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிவர். 'ஆல் பிளாக்ஸ்' என்பது அவர்கள் பெயர். ஆட்டம் தொடங்குமுன் மாவோரி மக்களின் 'ஹாக்கா' என்னும் ஆட்டத்தை, தரை அதிர மிதித்து, தொடைதட்டி, எதிரணியின் முன் ஆடிக் காட்டுவர்.

லோமு மாவோரி அல்லர். பசிபிக் கடலில் உள்ள டோங்கா என்னும் தீவு நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1975 மே 12 அன்று ஆக்லாந்து நகரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி டோங்காவிலேயே உறவினரிடம் கழிந்தது. பின்னர் ஆக்லாந்தின் தென்பகுதியில், ஏழைத் தொழிலாளர் வாழும் சூழலில் வளர்ந்தார். சண்டையும் அடிதடியும் அங்கே அன்றாடக் காட்சி. வீட்டிலும் கண்டிப்பு மிகக் கடுமையாக இருந்தது. தாயார் அவரை அந்தச் சூழலிலிருந்து விலக்கி, வெஸ்லி கல்லூரி என்னும் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அங்கேதான் அவருடைய உடல் வலிமைக்கு ஒரு வழி கிடைத்தது. ஓட்டப் பந்தயங்களில் வென்றார். ரக்பியில் முன்வரிசைக்காரர்களுள் ஒருவராக ஆடினார்.

ரக்பி அணியில் முன்வரிசையினர் எண்மர்; அவர்கள் பெருத்த உடலினர், தள்ளுமுள்ளில் வல்லவர். பின்வரிசையினர் எழுவர், அவர்கள் மெலிந்தவர், வேகமானவர். அவர்களுள்ளும் இரு ஓரங்களில் நிற்கும் 'விங்' ஆட்டக்காரர்களே மிக விரைவானவர். முன்வரிசைக்குரிய உடலைப் படைத்த ஓர் இளைஞரை ஓரத்தில் நிறுத்தி ஓடவிட்டால் என்ன என்று நியூசிலாந்துப் பயிற்சியாளர்களுக்குத் தோன்றியது. 1994 சூன் 26 அன்று பிரான்சுக்கு எதிராக லோமு முதன்முதலில் நாட்டுக்காகக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது ஆண்டும் நாற்பத்தைந்து நாளும். அந்நாட்டின் வரலாற்றில் அத்தனை இளம் வயதில் டெஸ்ட் ஆட்டம் ஆடியவர் அதற்குமுன் இல்லை. பலன் என்னவோ கசப்பாகத்தான் இருந்தது. எங்கே நிற்பது, எப்போது முன்செல்வது என்பது தெரியாமல் அவர் தடுமாறினார். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தடுமாற்றத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டனர். இரு டெஸ்டுகளிலும் நியூசிலாந்து தோற்றது. லோமு அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

1995 இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. அதற்கான பயிற்சி முகாம்களில் நிகழ்ந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். உடல் தகுதி போதவில்லை என்று அவரைச் சேர்ப்பதா வேண்டாவா என்று கடைசிவரை இழுபறியாக இருந்தது. சேர்த்தனர். அயர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு டிரைகள். கால் இறுதியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று. பிறகு, சூன் 18 அன்று கேப்டவுனில், இங்கிலாந்தோடு அரை இறுதி.

அந்த ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களைச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். இடப்புற ஓரத்தில் நிற்கும் லோமுவுக்கு நீண்ட எறி ஒன்று வருகிறது. பந்து அவருக்குச் சற்றுப் பின்னே விழுகிறது; திரும்பி எடுக்கிறார். எதிரே டோனி அண்டர்வுட். அவரை வெளிப்புறமாகச் சுற்றிக் கடக்கிறார். இங்கிலாந்து அணித்தலைவர் வில் கார்லிங் பின்னாலிருந்து பாய்ந்து கணுக்காலைத் தட்டுகிறார். லோமுவின் நடை தடுமாறுகிறது. விழப்போகிறார் என்றே பார்ப்பவர் எண்ணுவர். கோட்டைக் காக்கக் கடைசியாக நிற்பவர் மைக் கேட். அவர் குனிந்து, கால்களைக் கட்டிப் பிடிக்க ஆயத்தமாக நிற்கிறார். தடுமாறியபடியே வந்த லோமு விலகவில்லை. நேரே அவர்மீது ஏறி மிதித்துச் சென்று பந்தைத் தரையில் ஊன்றிவிட்டார். அன்று அவர் பெற்றவை மொத்தம் நான்கு டிரைகள். நியூசிலாந்து 45, இங்கிலாந்து 29.

இதில் இயற்பியல் பயிலும் மாணவர்க்கு ஒரு கணக்கு உண்டு. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். 118 கிலோ நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 1062. எண்பது கிலோ நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் எதிர்கொண்டால் அது 400. அவர் நின்ற இடத்திலேயே நின்றால் சுழி. மைக் கேட் கோழையல்லர், திறமையற்றவரும் அல்லர். கணக்கு அவருக்கு எதிராக இருந்தது, அவ்வளவே. பாவம், பிற்காலத்தில் பயிற்சியாளராகவும் புகழ்பெற்ற அவரை உலகம் அந்த ஒரு கணத்துக்காகவே அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

இறுதி ஆட்டம் சூன் 24 அன்று ஜோகானஸ்பர்க்கில் நடந்தது. தென்னாப்பிரிக்கா நிறவெறி ஆட்சியிலிருந்து விடுபட்டு ஓராண்டே ஆகியிருந்தது. ரக்பி, வெள்ளையரின் ஆட்டம் என்று கறுப்பின மக்கள் வெறுத்த ஆட்டம். அந்த அணியின் பச்சைச் சட்டையை அணிந்து, அணித்தலைவர் பியனாரின் ஆறாம் எண்ணை முதுகில் தாங்கி, குடியரசுத் தலைவர் நெல்சன் மண்டேலா திடலுக்குள் வந்தார். தென்னாப்பிரிக்கர்கள் லோமுவைத் தனி ஓர் ஆளிடம் விட்டுவைக்கவில்லை. ஒருவர் காலைப் பிடித்தால் மற்றொருவர் இடுப்பைப் பிடித்தார். லோமுவுக்கு ஒரு டிரைகூடக் கிட்டவில்லை. கூடுதல் நேரத்தில் 15க்கு 12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. பின்னாளிலும் எந்த டெஸ்ட் ஆட்டத்திலும் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக லோமு ஒரு டிரைகூடப் பெற்றதில்லை. இதைப் பெருமையாக அந்நாட்டார் இன்றும் சொல்லிக்கொள்வர்.

தோற்ற அணியின் இருபது வயது இளைஞரே அந்தக் கோப்பையில் உலகம் பேசிய மனிதரானார். அதுவரை ரக்பி, பெயரளவிலேனும், ஊதியம் பெறாதவர்களின் ஆட்டமாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பணத்தோடு வந்தன. அதற்குக் காரணம் லோமு ஒருவரே என்பது மிகையாகும். ஆனால், ரக்பியின் விதிகளே தெரியாதவர்களையும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமரவைக்கக்கூடிய ஆட்டக்காரர் ஒருவர் உண்டு என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இனி, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு வரலாறு.

நம் முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, இருபுறமும் ஒவ்வொரு சிறுநீரகம் இருக்கிறது. கைமுட்டி அளவு, அவரை விதையின் வடிவு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தம் அவற்றின் வழியே ஓயாமல் சென்று மீள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது முழுவதும் மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. கழிவு வெளியே போகவேண்டும்; உடலுக்கு வேண்டிய புரதம் உள்ளேயே நிற்கவேண்டும். வீட்டில் டீத்தூளை வடிகட்டுகிறோம். வடிகட்டியில் கிழிசல் இருந்தால் தூளும் கிண்ணத்துக்குள் வந்துவிடுகிறது. அதுபோல, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதுற்றால் இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம் சிறுநீரோடு வெளியேறிவிடும். நாளொன்றுக்கு மூன்றரை கிராமுக்கு மேல் இப்படிப் புரதம் ஒழுகி, இரத்தத்தில் அது குறைந்து, உடல் வீங்கும் நிலையை 'நெப்ராட்டிக் சிண்ட்ரோம்' என்பர். இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்துவைப்பது அந்தப் புரதமே. அது குறைந்தால் நீர் கசிந்து திசுக்களில் தேங்கும். கணுக்கால் வீங்கும், காலையில் கண்ணிமைகள் தடிக்கும், சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்க முடியாத அயர்ச்சி.

லோமுவுக்கு வந்தது இந்நோயே. 1995 இன் தொடக்கத்தில் பயிற்சி முகாமில் அவர் பின்தங்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. அவ்வாறாயின், கேப்டவுனில் நால்வர் ஐவரை இழுத்துக்கொண்டு ஓடியவர் நோயாளியாகத்தான் ஓடினார்.

மருந்துகளால் நோயை ஓரளவு அடக்கலாம். ஆனால் அம்மருந்துகளே உடலை வாட்டும். 1997 ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் லோமு ஆடவில்லை. மீண்டு வந்தார். 1998 இல் தமிழர் பலர் வாழும் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. எழுவர் ஆடும் ரக்பி அங்கேதான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இறுதியில் பிஜித் தீவினரை வென்று தங்கம் பெற்ற நியூசிலாந்து அணியில் லோமுவும் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் எட்டு டிரைகள். முந்தைய கோப்பையின் ஏழையும் சேர்த்தால் பதினைந்து. உலகக் கோப்பை வரலாற்றில் அந்த எண்ணைப் பின்னர் 2015 இல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா எட்டினார். 2000 சூலையில் சிட்னியில் 1,09,874 பேர் கூடியிருந்த ஆட்டத்தில், முடியும் தறுவாயில் கோட்டோரம் ஓடி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வெற்றி டிரையைப் பெற்றவரும் அவரே. 39க்கு 35 என்று முடிந்த அந்த ஆட்டத்தை ரக்பி வரலாற்றிலேயே தலைசிறந்தது என்று சொல்வோர் உண்டு. இவை யாவும் நோயோடு ஆடிய ஆண்டுகள். ஒரு கணக்காக நினைத்துப் பாருங்கள்: அவர் ஆடிய டெஸ்டுகள் 63, டிரைகள் 37. நோய் இல்லையேல் இவ்வெண்கள் என்னவாகியிருக்கும் என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுவர். எனக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. ஆடியதே போதிய வியப்பு.

2002 நவம்பரில் வேல்ஸ் நாட்டுக்கு எதிராக ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். 2003 இல் டயாலிசிஸ் தொடங்கிற்று. சிறுநீரகம் செய்யும் வேலையை உடலுக்கு வெளியே ஓர் இயந்திரத்தைக் கொண்டு செய்வதே டயாலிசிஸ். பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டி உள்ளே அனுப்புவர். அது உயிரைக் காக்கும். ஆனால், இரவும் பகலும் ஓயாது உழைக்கும் சிறுநீரகத்துக்கு முழு ஈடாகாது. லோமுவின் கால்களில் நரம்புகள் தளர்ந்தன. உலகமே பிடிக்க முடியாத கால்கள் நடப்பதற்கே தடுமாறின. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தாவிட்டால் சக்கர நாற்காலியே கதி என்று மருத்துவர்கள் எச்சரித்தனர்.

சிறுநீரகம் தர முன்வந்தவர் கிராண்ட் கெரியாமா என்னும் நண்பர். அவர் வெலிங்டன் நகரத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளர். ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பேசும் எங்களுக்குக் கொடுப்பதற்குக் குரலைத் தவிர வேறொன்றுமில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த மனிதரை நினைத்தபின் அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2004 சூலையில் ஆக்லாந்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது.

மாற்றுச் சிகிச்சை என்றதும் பழைய சிறுநீரகத்தை அகற்றி அதே இடத்தில் புதியதை வைப்பர் என்று பலரும் எண்ணுவர். அப்படியன்று. பழையவற்றைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவர். புதியதை வழக்கமாக அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பெலும்பின் குழிவில் வைத்து, அங்குள்ள இரத்தக் குழாய்களோடு இணைப்பர். உடல் அதை அந்நியப் பொருளென்று கருதி அழிக்க முற்படும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். முதன்முதலில் இச்சிகிச்சை வெற்றி பெற்றது 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். ஆகவே உடல் முரண்படவில்லை. செய்த மருத்துவர் ஜோசப் மரே 1990 இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவில் இச்சிகிச்சை முதன்முதலில் வெற்றிகரமாக நடந்தது எங்கே தெரியுமா? சோளிங்கரில் காலையில் பேருந்து ஏறினால் முற்பகலுக்குள் போய்ச் சேரக்கூடிய வேலூரில். இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 1971 இல். அதன்பின் நாடெங்கிலுமிருந்து சிறுநீரக நோயாளிகள் வேலூரை நோக்கி வந்தனர். அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளியும் இந்தியும் பேசுவோர் சமையல் பாத்திரங்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏழைகளின் சிறுநீரகத்தைப் பணத்துக்கு வாங்கும் இழிதொழில் நம் நாட்டில் தலைதூக்கியமையால், 1994 இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதன்படி நெருங்கிய உறவினர் தரலாம். கெரியாமாவைப் போன்ற நண்பர் தருவதாயின், பணம் கைமாறவில்லை, அன்பினால்தான் தருகிறார் என்பதை ஒரு குழு ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கவேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உடலோடு உடல் மோதும் ஆட்டங்களை விலக்க வேண்டுமென்றே மருத்துவர்கள் பொதுவாகக் கூறுவர். அடிவயிற்றில் விழும் ஓர் அடி போதும், உறுப்பே பாழாகிவிடலாம். லோமு கேட்கவில்லை. 2005 சூனில், மார்ட்டின் ஜான்சன் என்னும் இங்கிலாந்து வீரரின் பிரிவு விழா ஆட்டத்தில் களமிறங்கினார், ஒரு டிரையும் பெற்றார், தோளையும் காயப்படுத்திக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் வேல்ஸ் நாட்டின் கார்டிப் அணிக்கு ஆடினார். 2006 இல் நியூசிலாந்தில் நார்த் ஹார்பர் அணிக்கு ஆடினார். முன்பிருந்த வேகம் இல்லை. 2007 உலகக் கோப்பைக்குத் திரும்ப வேண்டுமென்ற ஆசை நிறைவேறாமலேயே போட்டி ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும் ஆசை விடவில்லை. 2009 இல் பிரான்சில் ஒரு சிறு அணிக்குச் சென்று ஆடினார். அவர் செய்தது சரியா? நண்பர் தந்த உறுப்பை அவ்வாறு பணயம் வைக்கலாமா? இக்கேள்வியை நான் பலமுறை எனக்குள்ளேயே கேட்டதுண்டு. மலையேற முடியாதவனிடம் மலையை மறந்துவிடு என்று கீழே நின்று சொல்வது எளிது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

2011 செப்டம்பரில் உலகக் கோப்பை நியூசிலாந்துக்கே வந்தது. தொடக்க விழாவில் ஆக்லாந்து ஈடன் பார்க் திடலில் லோமு தோன்றினார், மக்கள் ஆரவாரித்தனர். சில நாள்களில் அவர் மருத்துவமனையில் கிடந்தார். ஏழாண்டு உழைத்த அந்தச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. மீண்டும் டயாலிசிஸ். இயந்திரத்தோடு கட்டுண்டிருந்தும் அவர் பயணங்களை விடவில்லை. 2015 இல் இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடந்தபோது அங்கே சென்று, ரக்பியைப் பற்றிப் பேசியும் இளைஞரைச் சந்தித்தும் வந்தார். தம் இரு சிறு மகன்களும் இருபத்தொரு வயதை எட்டுவதைக் காண வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று அவ்வாண்டுதான் ஒரு நேர்காணலில் கூறியிருந்தார். மூத்தவனுக்கு அப்போது ஆறு வயது.

இங்கிலாந்திலிருந்து துபாய் வழியாக வீடு திரும்பிய மறுநாள், நவம்பர் 18 அன்று, ஆக்லாந்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பது.

சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று அறிய, மருந்து தோய்த்த ஒரு சிறு தாள்பட்டையைச் சிறுநீரில் நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். ஓரிரு நிமிட வேலை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதைச் செய்கிறார்கள். காலையில் முகம் தடித்து எழும் மாணவனும், விளையாட்டில் காரணமின்றிப் பின்தங்கும் மாணவனும் ஒருமுறை செய்துகொள்ளலாம்.

நவம்பர் 30 அன்று ஈடன் பார்க்கில் பொது அஞ்சலி நடந்தது. லோமுவின் உடலைத் தாங்கிய பேழை திடலுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் பயின்ற வெஸ்லி கல்லூரி மாணவர்கள் வந்திருந்தனர். பேழை திடலை விட்டு நீங்கும் வேளையில், அந்தப் பிள்ளைகள் தரை அதிர மிதித்து, தொடைதட்டி, ஹாக்கா ஆடினர்.